ஏழாவது ரீல்

நாலாவது ரீல் முடிந்து கொட்டகையில் விளக்கு எரிந்ததும் சிவக்கொழுந்து வாத்தியார் முதலில் பார்த்தது பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்சாதியின் கையைத்தான். முகத்தைப் பார்க்கத் துணிச்சல் இல்லை. கை மடியில் புடவைத் தலைப்பின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தது. சரி, இன்னும் ஒன்றும் ஆகவில்லை. வினை ஏழாவது ரீலில் இருக்கிறது. ஒற்றை மெஷின் கொட்டகை இது. ஒவ்வொரு ரீலுக்கும் விளக்கைப் போட்டு, ஆபரேட்டர் அடுத்ததை மாட்டும்வரை ஜனங்கள் இருமிக்கொண்டும் முறுக்கு கடித்துக்கொண்டும் காத்திருக்க வேண்டும். இன்றைக்குப் பார்த்து அந்த ஆபரேட்டருக்கு என்ன சுறுசுறுப்போ, மாட்டுகிறான், ஓட்டுகிறான். சுளுக்குப் பிடிக்கக்கூடாதா அவன் கைக்கு. கரண்டு போகக்கூடாதா. யுத்த காலத்தில் சும்மா சும்மா போகும், இப்போது யுத்தமும் முடிந்துவிட்டது, கரண்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் நிற்கிறது. ஏழாவது ரீலில் காட்டுக் குடிசையில் மந்தாகினி ராணி மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு ஒரு பாட்டுப் பாடுவாள். அந்தப் பாட்டின் கடைசியில் நாலு வரி. படம் பார்க்கிற அத்தனை பேரும் அந்த நாலு வரியைக் கேட்கலாம், கேட்டு அழலாம், வீட்டுக்குப் போய் முணுமுணுக்கலாம். தையல்நாயகி ஒருத்தி மட்டும் கேட்கக் கூடாது. உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் அது பாட்டு இல்லை என்று தெரியும். விளக்கு அணைந்தது. கதை, வசனம், பாடல்கள் மாயவரம் சிவக்கொழுந்து என்று தொடக்கத்தில் அவ்வளவு பெரிய எழுத்தில் போட்டார்களே, அப்போது வந்த சந்தோஷம் எந்த மூலையில் போய் ஒளிந்துகொண்டது என்று தெரியவில்லை.

அவள் வருவாள் என்று யார் கண்டது. பிள்ளை போனதிலிருந்து கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுத்தவள் இல்லை. நடுவில் ஆறேழு படம் வந்தது, பாதி ஓடவில்லை, அவள் ஒன்றையும் பார்க்கவில்லை, அவரும் கூப்பிடவில்லை. அதுவே ஒரு ஏற்பாடு மாதிரி ஆகிப்போயிருந்தது. இன்றைக்குக் காலையில் அவர் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தபோது சமையல் கட்டிலிருந்து, "நானும் வரேங்க" என்றாள். அவர் பித்தானைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பினார். "நீ எதுக்கு அந்தப் புழுக்கத்துல? தலைவலி வரும் உனக்கு." "வந்தா வரட்டும். இந்தப் படம் ஓடலைன்னா ஊருக்கே போயிடலாம்னு சொன்னீங்கல்ல? மூட்டை கட்டணுமா வேணாமான்னு நானே பாத்துக்கறேன்." அதற்கு மேல் என்ன சொல்வது? பாட்டு எழுதுகிறவன், வசனம் எழுதுகிறவன், ராஜாவுக்கும் மந்திரிக்கும் வாயில் வார்த்தை போட்டுக் கொடுத்தவன், சொந்தப் பெண்சாதியிடம் ஒரு சாக்கு சொல்லத் தெரியாமல் நின்றான். சாக்குச் சொல்வது வேறு அவளுக்குப் பிடிக்காது. அது இந்த அஞ்சு வருஷமாகத்தான். முன்னாலெல்லாம் பட முதலாளி வீட்டு ஆள் வந்து கூப்பிட்டால், பாட்டு முடியாமல் உள்ளே பதுங்கிக்கொண்டிருப்பவரைக் காப்பாற்ற, "அவரு கோயிலுக்குப் போயிருக்காருங்க" என்று அவ்வளவு அழகாகச் சொல்வாள், அவருக்கே கோயிலில் இருக்கிற மாதிரி இருக்கும். பிள்ளை போன பிறகு அது நின்றுவிட்டது. "உள்ளதான் இருக்காரு, கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். ஒரு தடவை கோபம் வந்து கத்திவிட்டார், ஒரு சின்னப் பொய் சொன்னால் உன் தலை போய்விடுமா என்று. அவள் அரிவாள்மணையிலிருந்து நிமிர்ந்து, "போதுங்க, சொன்ன வரைக்கும்" என்றாள். என்ன போதும், எதைச் சொன்ன வரைக்கும், அவர் கேட்கவில்லை. தன் மேல் உள்ள வன்மம் என்றே எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் சன்னதியில் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வாளே, அதுகூட இவனுக்கு வாக்கப்பட்டதற்காக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தார்.

திரையில் விதூஷகன் மாவு மூட்டைக்குள் விழுந்து எழுந்தான், தரை டிக்கெட் விழுந்து விழுந்து சிரித்தது. நல்ல அறிகுறி. அந்த மாவு மூட்டை பழைய சரக்கு, மாயவரத்து நாடகக் கம்பெனியில் இருபது வருஷத்துக்கு முன்னால் போட்டது. அப்போது மேடைக்குப் பின்னால் நின்றுகொண்டே எழுதுவார். முன்னால் நடிகன் பாடிக்கொண்டிருப்பான், அடுத்த அடி இன்னும் பிறந்திருக்காது. பிறகு படம் பேச ஆரம்பித்தது. கம்பெனியோடு படம் எடுக்கக் கல்கத்தாவுக்கு ரயிலேறி, புளிக்குழம்புக்கு ஏங்கிக்கொண்டு, ஒரு படத்துக்கு ஐம்பது பாட்டு, அறுபது பாட்டு என்று எழுதித் தள்ளிய காலம். சாவதற்கு ஒரு பாட்டு, செத்தவன் எழுந்து உட்கார்ந்து ஒரு பாட்டு. குழாய்க்காரன், ஜட்கா வண்டிக்காரன், கல்யாணத்தில் நலங்கு பாடுகிற பெண்கள் எல்லோர் வாயிலும் சிவக்கொழுந்துதான். பாட்டுப் புத்தகம் கொட்டகை வாசலில் சுடச்சுடப் போகும். இப்போது பாட்டைக் குறை, வசனத்தைக் கூட்டு என்கிறார்கள். புதுப் பையன்கள் வந்து அடுக்கடுக்காகப் பேச வைக்கிறார்கள், ஜனங்கள் அதற்குக் கை தட்டுகிறார்கள். இந்தப் படம் போனால் வாத்தியார் என்று கூப்பிட ஆள் இருக்காது. அதனால்தானே அந்த வரியை விட்டுவைத்தாய், என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அவர் செருமிக்கொண்டார். அதனால் மட்டும் இல்லை. வரி நன்றாக இருந்தது. எழுதுகிறவனுக்கு அதைவிடப் பெரிய சனியன் வேறு கிடையாது.

நடந்தது இவ்வளவுதான். சங்கீத டைரக்டர் லோகநாத பாகவதர் வடக்கத்தி இசைத்தட்டு ஒன்றைக் கொண்டு வந்து போட்டார், இந்த மெட்டுக்கு வார்த்தை வேணும் ஓய் என்றார். இப்போதெல்லாம் அப்படித்தான், பிள்ளை பிறந்த பிறகு பெண் பார்க்கிற மாதிரி, மெட்டு முதலில், வார்த்தை பின்னால். மெட்டு நெஞ்சில் உட்காரும்வரை வாய்க்கு வந்ததை அதில் போட்டுப் பாடிக்கொண்டிருப்பது வழக்கம். டம்மி என்பார்கள். கத்தரிக்காய் வாங்கி வந்தாள் மாமி, கால் வழுக்கி விழுந்துவிட்டாள் சாமி, இந்த மாதிரி. அர்த்தம் வேண்டியதில்லை, அளவு நின்றால் போதும்; நிஜ வரி வந்ததும் டம்மியைத் தூக்கி எறிந்துவிடலாம். பல்லவிக்கு மாமி விழுந்தாள், அனுபல்லவிக்குப் பாகவதரின் மூக்குப்பொடி டப்பி வந்தது, எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கடைசிச் சரணம் தாழ இறங்கி ஒரு இடத்தில் தயங்கி நிற்கிறது. அந்தத் தயக்கத்தில் அவருடைய வாய் தானாக, அவரைக் கேட்காமல், பாடிற்று. வாசலுக்கு வந்துவிட்டார் அப்பா, காலில் மாட்டிய செருப்பைக் கழற்றுறார் அப்பா, கண்ணை மூடிக்கொள்ளடா கண்ணே, நீ திறக்குமுன்னே வந்திடுவார் முன்னே. பாடி முடித்ததும் தபலாக்காரர் கையை எடுத்துவிட்டார். மந்தாகினி வேஷத்துக்குப் பாட்டுப் பாடம் பண்ண வந்திருந்த குமாரி வனஜாட்சி, கல்லுக்குக் கிளிசரின் போட்டாலும் கண்ணீர் வரும், இவளுக்கு வராது என்று டைரக்டர் தலையில் அடித்துக்கொள்வாரே, அந்த வனஜாட்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அண்ணே, இது டம்மி, நான் வேற எழுதித் தரேன்" என்று பாகவதரிடம் சொன்னார். சொன்னது நிஜம். எழுதவும் எழுதினார். மறுநாள் முதலாளியும் டைரக்டரும் வந்து உட்கார்ந்தபோது அந்தப் புது வரி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. "ராஜா காலில் செருப்பாய்யா?" என்று டைரக்டர் முகத்தைச் சுளித்தார். "காட்டுக்கு வந்த ராஜாவுக்கு முள் குத்தாதா?" என்றாள் வனஜாட்சி. "இந்த வரி இல்லாட்டா எனக்கு அழுகை வராது, வேற ஆளைப் பாத்துக்குங்க." முதலாளி இவரைப் பார்த்தார். "என்ன வாத்தியாரே, இருக்கட்டுமா?" கை சட்டைப் பை வரை போயிற்று. பையை ஒரு தடவை தடவிவிட்டுத் திரும்பி வந்தது. இருக்கட்டும் என்று வாய் சொல்லவில்லை, தலைதான் ஆடிற்று. தலை ஆடினால் போதாதா.

ஐந்தாவது ரீல் முடிந்ததும் தெரியவில்லை, ஆறாவது தொடங்கியதும் தெரியவில்லை. ராஜாவை மந்திரி காட்டுக்குத் துரத்திவிட்டான். காட்டில் பிள்ளைக்கு ஜுரம் வந்துவிட்டது. ஜுரம். அவர் பிள்ளை முத்துக்குமருக்கு வந்ததை விஷ ஜுரம் என்றார் டாக்டர். பதினெட்டாம் நாள் தணியணும், தணியும் என்றார். அன்றைக்கு மத்தியானம் ஸ்டுடியோவுக்கு ஆள் வந்து உடனே வரச் சொன்னாங்க என்றான். டிராம் உடனே கிடைத்தது. அதுதான் விஷயம், டிராம் உடனே கிடைத்தது, காலியாக வேறு இருந்தது, ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். வீட்டு வாசலில் ஒரு செருப்பைக் கழற்றினார். கதவு ஒருக்களித்துக் கிடந்தது. உள்ளே அந்த மூச்சு. ரம்பம் அறுக்கிற மாதிரி. பக்கத்து வீட்டு அம்மாள் வெந்நீருக்குப் பின்கட்டுக்குப் போயிருந்தாள், தையல்நாயகி தனியாகப் பிள்ளையோடு இருந்தாள். அப்பா வந்தாச்சா, என்றது குழந்தை. குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "வந்தாச்சுடா. வாசலுக்கு வந்தாச்சு. செருப்பக் கழட்டறாரு. நீ கண்ண மூடிக்க, தொறக்கறதுக்குள்ள வந்துருவாரு." அவள் வாசலைப் பார்க்கவில்லை. பிள்ளையின் முகத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை. தேற்றுவதற்குச் சொன்னாள். அவரோ ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுங்காலுமாகக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். மேடையிலும் படத்திலுமாக எத்தனை பிள்ளைகளைச் சாகடித்தவர். பாம்பு கடித்து, ஆற்றில் விழுந்து, சாபத்தில் கருகி. ஒரு சாவைக்கூட நேரில் பார்த்தது கிடையாது. கால் எழவில்லை. உள்ளே போனால் அது நிஜமாகிவிடும், போகாமல் நின்றால் இன்னும் கொஞ்ச நேரம் ஆகாமல் இருக்கும் என்று தோன்றியது. அது போகட்டும், பயந்தவன் என்று சொல்லிக்கொள்ளலாம், பயப்படாதவன் யார். இன்னொன்று இருக்கிறதே. கதவு நிலையில் வைத்திருந்த கையின் சுட்டுவிரல் தட்டிக்கொண்டிருந்தது. வாசலுக்கு வந்தாச்சு, செருப்பக் கழட்டறாரு. தாளத்துக்கு எவ்வளவு பாந்தமாக விழுகிறது என்று விரல் பார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளை செத்துக்கொண்டிருந்தான், இந்த விரல் தாளம் போட்டது. வெட்டிப் போட்டால்கூடத் தகும். மூச்சு நின்றுவிட்டது. அவர் சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்து போனார். அங்கிருந்து முத்து முத்து என்று அலறிக்கொண்டு ஓடி வந்தார். மூச்சு வாங்கிற்று, மேல்துண்டு நழுவிற்று, நிலைப்படியில் இடித்துக்கொண்டார். "டிராம் கிடைக்கல தையலு." அவர் எழுதிய வசனத்திலேயே ஒரு பிசிறில்லாமல் பேசப்பட்டது அதுதான். அவள் ஏறிட்டுப் பார்த்து, "போயிட்டான்ங்க" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அந்த அறையில் அவளும் குழந்தையும் தவிர வேறு காது இல்லை என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கைத்தான் இப்போது அவ்வளவு பெரிய திரையில் வனஜாட்சி வந்து கலைக்கப் போகிறாள்.

விளக்கு எரிந்தது. ஆறாவது ரீலும் முடிந்துவிட்டது. "தையலு, எனக்கு என்னவோ பண்ணுது. காத்தாட வெளியில போயிட்டு வரலாமா?" வேர்த்திருந்தது நிஜம்தான். அவள் திரும்பி அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். குழந்தைகளுக்குப் பார்க்கிற மாதிரி. "சுடல. காலைலேந்து ஒண்ணும் சாப்பிடல நீங்க, அதான். சோடா சொல்லட்டா?" "வேணாம். வீட்டுக்கே போயிடலாம்." "நல்லாத்தான இருக்கு படம்? அந்தப் புள்ள பொழைக்குமா இல்லையா, அத மட்டும் பாத்துட்டுப் போவமே." பின் வரிசையிலிருந்து முதலாளி குனிந்து, "அம்மா சொல்றதக் கேளும் வாத்தியாரே, அடுத்ததுதான் நம்ம பாட்டு" என்று தோளைப் பிடித்து அழுத்தினார். பாவி. பிழைக்காதம்மா என்று சொல்லிவிட்டால் எழுந்து வந்துவிடுவாளோ. முறுக்குக்காரன் கடந்து போனான். சொல்லிவிடலாம். இப்போது, இந்த வெளிச்சத்தில், பாட்டு வருவதற்கு முன்னால், தன் வாயால். அன்றைக்கு நான் வாசலில்தான் நின்றேன், தையலு. அஞ்சே வார்த்தை. எத்தனை மெட்டுக்கு எத்தனை வார்த்தை போட்டாயிற்று, இதற்கு ஒரு மெட்டு கிடைக்கவில்லை. "தையலு" என்றார். "ம்?" என்று அவள் முகத்தைக் காட்டினாள். ஆபரேட்டர் அறையில் மணி அடித்தது. விளக்கு அணைந்தது. அவருக்கு, வெட்கக்கேடு, ஆறுதலாக இருந்தது.

குடிசை. மழை. மந்தாகினி மடியில் பிள்ளை. ராஜா மூலிகை தேடிக் காட்டுக்குள் போயிருக்கிறான். இந்த இடத்தை அவர் முதலில் வேறு மாதிரி எழுதியிருந்தார். மூலிகையோடு திரும்பி வந்த ராஜா, குடிசைக்கு வெளியே மரத்தடியில் நின்று பாட்டைக் கேட்கிறான், உள்ளே போகக் கால் வரவில்லை என்று. டைரக்டர் படித்துவிட்டுக் காகிதத்தை மேஜையில் போட்டார். "உமக்குப் பைத்தியமா ஓய்? பிள்ளை சாகறது, அப்பன்காரன் மரத்தடியில நிக்கறான்னா ஜனங்க திரையைக் கிழிச்சுடுவாங்க. எந்த அப்பன் நிப்பான்?" எந்த அப்பனும் நிற்க மாட்டான் என்று ஒப்புக்கொண்டு, பாட்டு முடிந்ததும் ராஜா மூச்சிரைக்க ஓடி வருகிறான், உத்தரீயம் நழுவுகிறது, நிலைப்படியில் இடித்துக்கொள்கிறான் என்று மாற்றி எழுதிக் கொடுத்தார். அதுவும் வரப்போகிறது. பாட்டில் தப்பினாலும் அதில் மாட்டிக்கொள்வாய். பல்லவி தொடங்கியாயிற்று. வனஜாட்சிக்கு நல்ல குரல், அதைச் சொல்லத்தான் வேண்டும். கொட்டகையில் குழந்தை அழுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. அவர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். அனுபல்லவி. ஒருவேளை கவனிக்கமாட்டாள். அப்பா, செருப்பு, வாசல், எந்த வீட்டில் இல்லாதது, எந்தத் தாயும் சொல்லக்கூடியதுதான் என்று எடுத்துக்கொள்வாள். முதல் சரணம். பெண்கள் பக்கத்தில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். மெட்டு தாழ இறங்கிற்று. அந்த இடம் வந்து தயங்கி நின்றது. வாசலுக்கு வந்துவிட்டார் அப்பா. அவர் திரையைப் பார்க்கவில்லை, பக்கத்து மடியைப் பார்த்தார். திரையின் வெளிச்சத்தில் கை தெரிந்தது. தலைப்பை மடித்துக்கொண்டிருந்த விரல்கள் நின்றுவிட்டன. காலில் மாட்டிய செருப்பைக் கழற்றுறார் அப்பா. விரல்கள் மடிப்பை விட்டுவிட்டன. கண்ணை மூடிக்கொள்ளடா கண்ணே. மெல்ல அந்தக் கை அவளுடைய தொண்டைக்குப் போயிற்று. நீ திறக்குமுன்னே. பாட்டு முடிந்தது.

தரை டிக்கெட்டிலிருந்து ஒரு விசில், இரண்டு, பத்து, ஒன்ஸ் மோர், ஒன்ஸ் மோர் என்று கொட்டகையே எழுந்து நின்றது. ராஜா ஓடி வர ஆரம்பித்தவன் பாதியில் மறைந்து போனான். விளக்கு எரிந்தது, ஆபரேட்டர் ரீலைத் திருப்பிச் சுற்றத் தொடங்கினான். எத்தனை வருஷமாயிற்று இந்தச் சத்தத்தைக் கேட்டு. பாட்டு எழுதுகிறவன் சாகும்போது காதில் விழ வேண்டிய சத்தம். "படம் பொழைச்சுதய்யா!" என்று முதலாளி பின்னாலிருந்து முதுகில் ஒரு அறை அறைந்தார். சிவக்கொழுந்து திரும்பவில்லை. தையல்நாயகி அழவில்லை. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், அவள் வெறும் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க."

"ம்."

"அன்னிக்கு டிராம் கெடைச்சுதா?"

சுற்றிலும் அவ்வளவு கூச்சல். கேட்காத மாதிரி இருந்துவிடலாம். "கெடைச்சுது" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். பிறகு, அவரிடம் சொல்வது மாதிரிகூட இல்லை, "சாகப் போற புள்ளகிட்ட பொய்யச் சொல்லி அனுப்பிட்டேன்னு அஞ்சு வருஷமா நெனச்சிருந்தேன்" என்றாள். "பொய் இல்லியா, அப்ப."

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் மணி அடித்து விளக்கு அணைந்தது, மந்தாகினி மறுபடியும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். தையல்நாயகி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பாட்டைக் கேட்பதற்காக மூடினாள், முகத்தில் என்றைக்கும் இல்லாத ஒரு இளைப்பாறல் இருந்தது. அவள் கண் திறக்கும்போது பக்கத்தில் இருக்கக்கூடாது என்று சிவக்கொழுந்துக்குப் பட்டது. எழுந்து, முழங்கால்களை இடித்துக்கொண்டு வரிசையைக் கடந்து, கொட்டகை வாசல் திரைவரைக்கும் வந்துவிட்டார். அதற்கப்பால் தெரு, மத்தியான வெயில், டிராம் போகிற சத்தம். உள்ளே மெட்டு தாழ இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையால் திரையைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். வெளியே போகவும் முடியவில்லை, உள்ளே போகவும் கால் வரவில்லை.